2035-ஆ, 2350-ஆ? இமயமலைப் பனியும் இன்னும் சில காலநிலைச் சண்டைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலநிலை மாற்றம் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் "அதெல்லாம் டூப்பு, அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்" என்கிறார். இன்னொருவர் "இன்னும் பத்து வருஷத்தில் கங்கை வற்றிவிடும்" என்கிறார். இருவரும் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே பழைய கதைதான் இருக்கிறது. அந்தக் கதையையும், அதைப் போலவே இந்தியாவைச் சுற்றி நடந்த வேறு சில தகராறுகளையும் வைத்து, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரு சொல் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் செய்தித்தாள்கள் 'பனிப்பாறை' என்று எழுதுகின்றன. கடலில் மிதப்பதும் பனிப்பாறை, மலையில் கிடப்பதும் பனிப்பாறை என்றால் குழப்பம்தான் மிஞ்சும். மலைச்சரிவில் மெல்ல மெல்ல நகரும் பனியை இங்கே பனியாறு என்றே குறிப்பிடுகிறேன்.

இமயமலைப் பனி 2035-க்குள் மறைந்துவிடும் என்று ஐ.நா. குழு சொன்னது பொய் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்களாமே?

ஆமாம், ஒப்புக்கொண்டார்கள். காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா.வின் அரசுகளிடைக் குழுவான ஐ.பி.சி.சி., 2007-இல் தன் நான்காவது மதிப்பீட்டு அறிக்கையை வெளியிட்டது. அதன் இரண்டாம் தொகுதியில், ஆசியா பற்றிய 10-ஆம் அத்தியாயத்தில், இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள்ளோ அதற்கு முன்போ மறைந்துபோகும் வாய்ப்பு மிக அதிகம் என்று ஒரு பத்தி இருந்தது. அது தவறு. 2010 ஜனவரி 20 அன்று ஐ.பி.சி.சி. வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டது.

தவறானது அந்தப் பத்தி. 'பூமி சூடாகிறது, அதற்குப் பெரும்பாலும் நாம்தான் காரணம்' என்ற முடிவு வேறொரு தொகுதியில், வேறு ஆதாரங்களின் மேல் நிற்கிறது. அதை யாரும் திரும்பப் பெறவில்லை.

அந்த எண் எங்கிருந்துதான் வந்தது?

இதைத் துப்புத் துலக்கியவர்களில் முக்கியமானவர் கனடாவின் டிரென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரகாம் காக்லி. கிராமத்தில் ஒரு வதந்தி எந்தத் திண்ணையில் பிறந்தது என்று தேடிப் போவது போலத்தான் இருந்தது வேலை.

ஐ.பி.சி.சி. மேற்கோள் காட்டியது இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூ.டபிள்யூ.எஃப்.-இன் 2005-ஆம் ஆண்டு அறிக்கையை. அந்த அமைப்பு எடுத்தது நியூ சயின்டிஸ்ட் இதழில் 1999-இல் வந்த ஒரு செய்தியிலிருந்து. அந்தச் செய்திக்கு அடிப்படை, அப்போது டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இருந்த பனியாற்று ஆய்வாளர் சையத் ஹஸ்னைனிடம் எடுத்த பேட்டி. சரி, ஹஸ்னைன் தலைமை வகித்த குழுவின் அறிக்கையைத் திறந்து பார்த்தால் அதில் 2035 இல்லவே இல்லை.

இன்னொரு கிளையும் உண்டு. அதே பத்தியின் அடுத்த வரி, பனியின் பரப்பு 5,00,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 1,00,000-ஆகச் சுருங்கும் என்கிறது. ரஷ்ய அறிஞர் கோட்லியாகோவ் 1996-இல் யுனெஸ்கோவுக்காகத் தொகுத்த அறிக்கையில் இதே இரண்டு எண்கள் இருக்கின்றன. ஆனால் அவர் பேசியது துருவங்களுக்கு வெளியே உலகம் முழுக்க உள்ள பனியைப் பற்றி. அவர் போட்ட வருடம் 2350. இமயமலைப் பனியாறுகளின் பரப்போ ஏறத்தாழ 33,000 சதுர கிலோமீட்டர்தான். இல்லாத பனியையும் சேர்த்து உருக்கிவிட்டார்கள்.

இத்தனை பேர் பார்க்கும் அறிக்கையில் ஒருவர் கண்ணிலும் படவில்லையா?

பட்டது. அதுதான் எரிச்சலூட்டும் பகுதி. வரைவைப் படித்த மதிப்பாய்வாளர் ஒருவர், முதல் வரியில் மறைந்துவிடும் என்கிறீர்கள், அடுத்த வரியில் 1,00,000 மிஞ்சும் என்கிறீர்கள், எது சரி என்று கேட்டிருந்தார். ஜப்பான் அரசும் இது எவ்வளவு உறுதி என்று கேட்டது. ஆஸ்திரியப் பனியாற்று வல்லுநர் கியோர்க் காசர், 2006-லேயே தான் எச்சரித்ததாகப் பின்னால் சொன்னார். கேள்விகள் வந்தன, வரி மட்டும் அப்படியே அச்சுக்குப் போனது. பனியாறு தெரிந்தவர்கள் முதல் தொகுதியில் வேலை பார்த்தார்கள், ஆசிய அத்தியாயம் இரண்டாம் தொகுதியில் இருந்தது. ஒரே வீட்டில் அடுப்படியில் இருப்பவருக்குத் திண்ணையில் நடப்பது தெரியாத கதை.

அதே பகுதியில் இன்னொரு பிழையும் இருக்கிறது. எனக்கு அது 2035-ஐ விடப் பிடிக்கும், ஏனென்றால் காகிதமும் பென்சிலும் இருந்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம். உத்தராகண்டில் உள்ள பிண்டாரி பனியாறு 1845 முதல் 1966 வரை 2,840 மீட்டர் பின்வாங்கியது, ஆண்டுக்குச் சராசரி 135.2 மீட்டர் என்று ஓர் அட்டவணை சொல்கிறது. 1966-இல் 1845-ஐக் கழியுங்கள், 121 வருடம். 2,840-ஐ 121-ஆல் வகுத்தால் 23.5 மீட்டர்தான் வருகிறது. 21-ஆல் வகுத்துப் பாருங்கள், 135.2. நூறு வருடத்தை யாரோ விட்டுவிட்டார்கள்! தினமும் எக்செல்லோடு மல்லுக்கட்டும் எனக்கு அந்த ஆள் மேல் கொஞ்சம் பரிவுகூட உண்டு. ஆனால் அந்தப் பிழையால்தான் பிண்டாரி, அட்டவணையில் மற்ற எல்லாப் பனியாறுகளையும் மிரட்டும் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஜெய்ராம் ரமேஷுக்கும் பச்சௌரிக்கும் நடந்த சண்டை என்ன?

2009 நவம்பரில், அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஒரு விவாத அறிக்கையை வெளியிட்டார். எழுதியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முன்னாள் துணைத் தலைமை இயக்குநர் வி.கே. ரைனா. பனியாறுகள் பின்வாங்குகின்றன, ஆனால் அசாதாரணமான வேகத்தில் இல்லை, எல்லாவற்றையும் புவி வெப்பமாதலின் தலையில் கட்ட ஆதாரம் போதாது என்பது அதன் சாரம். அப்போது ஐ.பி.சி.சி. தலைவராக இருந்த ராஜேந்திர பச்சௌரி கொதித்துப்போய் அதை 'வூடூ சயின்ஸ்' என்றார், அதாவது மந்திரவாதி அறிவியல்.

இரண்டே மாதத்தில் 2035 கவிழ்ந்தது. ஹஸ்னைன் அப்போது பச்சௌரி தலைமை வகித்த டெரி என்ற டெல்லி ஆய்வு நிறுவனத்திலேயே வேலை பார்த்தார் என்பதும் வெளியே வந்து, விஷயம் மேலும் நாறியது.

யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் என் பதில் இது: 2035 விஷயத்தில் ரமேஷ் சொன்னது சரி. பச்சௌரி அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவே கூடாது, தவறைச் சுட்டியவரை மந்திரவாதி என்றால் பிறகு எந்த முகத்தோடு திருத்தம் வெளியிடுவது? ஆனால் ரைனாவின் அறிக்கையும் சக அறிஞர்களின் மதிப்பாய்வுக்குப் போனதல்ல. பனியாற்றின் மூக்கு, அதாவது அதன் கீழ்முனை எவ்வளவு பின்வாங்கியது என்பதிலேயே அது அதிகம் நின்றது. கல்லும் மண்ணும் மூடிய பனியாற்றில் மூக்கு அசையாமல் நிற்கும்போதே உடம்பு மெலிந்துகொண்டிருக்கலாம். ரமேஷே, பனியாறுகளின் நிலை கவலைக்குரியது, நான் எதிர்ப்பது அந்த மிகைப்படுத்தலை என்றுதான் சொன்னார். அந்தப் பாதி, தலைப்புச் செய்திகளில் காணாமல் போய்விட்டது.

காலத்தையும் கவனியுங்கள். ரைனா அறிக்கை வந்த அடுத்த மாதம் கோபன்ஹேகனில் ஐ.நா. காலநிலை மாநாடு. பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வை இந்தியா குறைக்க வேண்டும் என்று நெருக்கடி ஏறிக்கொண்டிருந்த நேரம். பனியைப் பற்றிய பேச்சில் பாதி, பேரம் பற்றியது.

சரி, கடைசியில் பனி உருகுகிறதா இல்லையா?

உருகுகிறது, வேகமும் கூடியிருக்கிறது. இதை அழகாகக் காட்டிய ஓர் ஆய்வு 2019-இல் வந்தது. பனிப்போர் காலத்தில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள் ரகசியம் நீக்கப்பட்டு வெளிவந்தன. அவற்றிலிருந்து 1970-களில் பனியின் உயரம் என்ன என்று கணித்து, பிற்காலப் படங்களோடு ஒப்பிட்டார்கள். இமயமலை நெடுக ஏறத்தாழ 650 பனியாறுகள். 2000-க்குப் பிறகு பனி குறையும் வேகம், 1975–2000 காலத்தைப் போல இரு மடங்கு.

காத்மண்டுவில் உள்ள இசிமோட் என்ற மலைப்பகுதி ஆய்வு மையம் அதே ஆண்டில் சொன்னது: வெப்ப உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்தினாலும் இந்துகுஷ் இமயமலைப் பகுதியின் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு இந்த நூற்றாண்டு முடிவுக்குள் போய்விடும், உமிழ்வு இப்படியே போனால் மூன்றில் இரண்டு பங்கு.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. காரகோரம் மலைத்தொடரில் பல பனியாறுகள் வெகுகாலம் அப்படியே இருந்தன, சில வளர்ந்தும் இருக்கின்றன. அதை மட்டும் காட்டி 'எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது' என்று வரும் ஃபார்வர்டுகள் உங்களுக்கும் வந்திருக்கும்.

கங்கை வற்றிவிடுமா?

வற்றாது. கங்கையின் கீழ்ப்பகுதியில் ஓடும் நீரில் பெரும்பங்கு பருவமழை தருவது. சிந்து நதியின் கதை வேறு, அது பனியையும் பனியாற்றையும் பெரிதும் நம்பியிருக்கிறது. கங்கைக் கரையில் கவலைப்பட வேண்டியது மழைக்கு முந்திய கோடை மாதங்களைப் பற்றி. மலைக்கு மேலே இருப்பவர்களுக்கு வேறு பயம். 2023 அக்டோபரில் சிக்கிமில் தெற்கு லோனாக் பனியேரி, அதாவது பனியாற்று நீர் தேங்கிய ஏரி, உடைத்துக்கொண்டு, சுங்தாங்கில் இருந்த தீஸ்தா அணையை அடித்துக்கொண்டு போனது.

நம் நெல் வயல்தான் பூமியைச் சூடாக்குகிறது என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்கிறார்களே?

இது 2035-ஐ விடப் பழைய சண்டை, இதில் இந்தியா கையாண்ட விதமும் மேல்.

தண்ணீர் தேங்கி நிற்கும் வயலில் மண்ணுக்குக் காற்றுப் போகாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள், பூமியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேனை வெளியிடும். நெல் தண்டுக்குள் இருக்கும் காற்றுக்குழல்கள் வழியாக அது மேலே வரும். இதில் தகராறு இல்லை. எவ்வளவு என்பதில்தான் தகராறு. 1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் மதிப்பீடு, இந்திய வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 3.8 கோடி டன் மீத்தேன் விடுகின்றன என்றது. அது மேல்நாட்டு வயல்களில் எடுத்த சில அளவுகளை நம் பரப்பால் பெருக்கி வந்த கணக்கு.

டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் 1991-இல் இங்கேயே அளந்தார்கள். வேலை எளிமையானது, பொறுமைதான் வேண்டும். நெற்பயிரின் மேல் ஒளிபுகும் பெட்டியைக் கவிழ்த்து வைப்பது, குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஊசிக்குழாயால் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சுவது, ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் மீத்தேன் எவ்வளவு என்று பார்ப்பது. இதைப் பல மாநிலங்களில், பலவகை வயல்களில் செய்தார்கள். வந்த விடை சுமார் 40 லட்சம் டன். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு! நம் வயல்களில் பல மழையை நம்பியவை, வருடம் முழுக்கத் தண்ணீர் கட்டி நிற்பவை அல்ல. அது அந்தப் பெருக்கலில் வரவில்லை.

'மேலைநாட்டுச் சதி' என்று கூட்டம் போட்டுக் கத்தியிருந்தால் 3.8 கோடி அப்படியே இருந்திருக்கும். பெட்டியோடு சேற்றில் இறங்கியதால் எண் மாறியது.

அதற்காக வயலில் மீத்தேனே வருவதில்லை என்றும் சொல்ல முடியாது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் அது குறையும், தண்ணீரும் மிச்சம். தண்ணீர் கையில் இருக்கும்போது வயலைக் காயவிட டெல்டா விவசாயிக்கு மனசு வர வேண்டும், அது வேறு கதை.

உமிழ்வுக் கணக்கிலேயே அரசியல் உண்டா?

உண்டு. 1990-இல் வாஷிங்டனில் உள்ள உலக வளங்கள் நிறுவனம் போட்ட பட்டியலில், பூமியைச் சூடாக்கும் முதல் ஐந்து நாடுகளில் இந்தியாவும் சீனாவும் வந்தன. டெல்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-இல் அதைப் பிரித்து மேய்ந்தார்கள்.

கடலும் காடும் நாம் விடும் வாயுக்களில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கின்றன. அந்த உறிஞ்சும் திறனை நாடுகளுக்கு எப்படிப் பங்கிடுவது? வாஷிங்டன் கணக்கு, யார் அதிகம் விடுகிறாரோ அவருக்கு அதிகப் பங்கு கொடுத்தது. ஊர்க் குளத்தில் லாரி லாரியாகக் குப்பை கொட்டுபவருக்குப் பெரிய பங்கு, ஒரு கூடை கொட்டுபவருக்குச் சின்னப் பங்கு என்பது போல. டெல்லிக்காரர்கள் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டார்கள், இந்தியா பட்டியலில் கீழே போய்விட்டது. பிழைப்புக்காக விடும் உமிழ்வும் சொகுசுக்காக விடும் உமிழ்வும் ஒன்றா என்ற அவர்களின் கேள்வி இன்றும் ஒவ்வொரு மாநாட்டிலும் எழுகிறது.

கவனியுங்கள், இரண்டு தரப்பும் ஒரே இயற்பியலைத்தான் பயன்படுத்தின. சண்டை, பங்கு பிரிப்பதில்.

பழுப்பு மேகம் என்று ஒன்று சொன்னார்களே?

மதுரையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதனும் சகாக்களும் 1990-களின் கடைசியில் இந்தியப் பெருங்கடல் மேல் பரந்து கிடந்த புகைப்படலத்தை அளந்தார்கள். 2002-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் அதை 'ஆசியப் பழுப்பு மேகம்' என்ற பெயரில் வெளியிட்டது. இந்தியாவில் கடும் எதிர்ப்பு: புகை எல்லாக் கண்டங்களிலும் இருக்க, ஆசியா என்று ஏன் முத்திரை குத்துகிறீர்கள்? வருடத்தில் சில மாதங்களே இருக்கும் படலத்தை வைத்துப் பருவமழை பற்றி இவ்வளவு சொல்லலாமா? கடைசியில் பெயர் 'வளிமண்டலப் பழுப்பு மேகம்' ஆனது. புகையும் கரியும் மாறவில்லை. பெயர்தானே என்று தோன்றலாம். விறகடுப்பு ஊதும் பெண்ணைக் குற்றவாளியாக்கிவிட்டு ஊரைச் சுற்றும் பெரிய காரை விட்டுவிடும் பெயர் என்றால், நானும் சண்டைக்குத்தான் போவேன்.

விஞ்ஞானிகளில் 97 சதவீதம் பேர் ஒத்துக்கொள்கிறார்கள் என்பது சரியா?

அந்த எண்ணைப் பரவலாக்கியது 2013-இல் வந்த ஓர் ஆய்வு. ஏறத்தாழ 12,000 ஆய்வுச் சுருக்கங்களைப் படித்தார்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, மனிதன் காரணமா இல்லையா என்று எதுவுமே சொல்லவில்லை. சொன்னவற்றில் 97 சதவீதம், மனிதன் காரணம் என்றன. 'விஞ்ஞானிகளில் 97 சதவீதம்' என்று சுருக்கும்போது இந்த விவரம் விழுந்துவிடுகிறது. எனக்கு அந்த எண் மேல் பெரிய ஆசை இல்லை. கை தூக்கச் சொல்லி எண்ணுவதைவிட, வளிமண்டலத்தின் கீழ் அடுக்கு சூடாகும்போதே மேல் அடுக்கு குளிர்கிறது என்ற அளவீடு வலுவானது. சூரியன் காரணமாக இருந்தால் இரண்டும் சூடாகியிருக்க வேண்டும்.

நிஜமான கருத்து வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. கரியமில வாயு இரட்டிப்பானால் வெப்பம் எவ்வளவு ஏறும்? 1979-இல் 1.5 முதல் 4.5 டிகிரி என்றார்கள். 2021-இல் ஐ.பி.சி.சி. அதை 2.5 முதல் 4 என்று குறுக்கியது. மேகங்கள்தான் இடைஞ்சல். சூடாகும் வேகம் சமீபத்தில் கூடிவிட்டதா என்பதில் அமெரிக்கக் காலநிலை விஞ்ஞானிகள் ஜேம்ஸ் ஹேன்சனும் மைக்கேல் மானும் நேரெதிராக நிற்கிறார்கள். இருவருமே காலநிலை எச்சரிக்கைக்குப் பெயர் போனவர்கள்.

காலநிலை எப்போதும் மாறிக்கொண்டுதானே இருந்தது? எரிமலை விடாத புகையா?

மாறியது, ஒவ்வொரு முறையும் ஒரு காரணத்தோடு. இந்த முறை காரணம் நாம். எரிமலைகள் ஆண்டுதோறும் விடும் கரியமில வாயு, நாம் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

நம்பாதவர்கள் எல்லாரும் எண்ணெய்க் கம்பெனியிடம் காசு வாங்கியவர்களா?

இல்லை. எக்ஸான் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1970-களிலிருந்தே வெப்ப உயர்வைச் சரியாகக் கணித்திருந்தார்கள், வெளியே அந்த நிறுவனம் சந்தேகத்தைப் பரப்பியது என்பது பதிவான விஷயம். ஆனால் டீக்கடையில் 'டூப்பு' என்பவருக்கு எந்தக் கம்பெனியும் படியளக்கவில்லை. பெட்ரோல் விலை இன்னும் ஏறுமோ என்ற பயம் அவருக்கு. அவரிடம் போய் மேல் அடுக்கு, கீழ் அடுக்கு என்று ஆரம்பித்தால் வாதம் நகராது.

நிலக்கரி விஷயத்தில் இந்தியா கடைசி நேரத்தில் காலை வாரியதாமே?

2021 கிளாஸ்கோ மாநாட்டில், நிலக்கரியை 'ஒழிப்பது' என்றிருந்த சொல்லைக் கடைசி மணி நேரத்தில் 'குறைப்பது' என்று மாற்றச் சொல்லி அமைச்சர் பூபேந்தர் யாதவ் வாசித்தார். தலைமை வகித்த அலோக் சர்மா கண்கலங்கி மன்னிப்புக் கேட்டார். உலகம் முழுக்க இந்தியாவைத் திட்டினார்கள். திட்டியவர்களில் பலர், எண்ணெயும் எரிவாயுவும் அந்த வரியில் ஏன் இல்லை என்று கேட்கவில்லை. அடுத்த ஆண்டு எகிப்து மாநாட்டில், எல்லாப் புதைபடிவ எரிபொருளையும் சேர்த்துக் குறைப்போம் என்று இந்தியா சொன்னபோது அது இறுதி அறிக்கையில் ஏறவில்லை.

இதற்காக நம் அரசுக்குச் சான்றிதழ் தரவில்லை. 2025-இல் மின் நிறுவுதிறனில் பாதி, புதைபடிவம் அல்லாதது என்ற இலக்கை ஐந்து வருடம் முன்னதாகவே எட்டிவிட்டோம் என்று அறிவித்தார்கள். நிறுவுதிறன், அதாவது மின் நிலையங்களால் அதிகபட்சம் தர முடிந்த அளவு, வேறு, உற்பத்தி வேறு. உண்மையில் ஓடும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரிதான். தலைக்கு என்று பார்த்தால் ஓர் இந்தியர் ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயுதான் விடுகிறார், அமெரிக்கர் சுமார் 14 டன். இந்த வாக்கியம் உண்மை. இதற்குப் பின்னால் நம் ஊர்ப் பணக்காரர்கள் ஒளிந்துகொள்வதும் உண்மை.

பணம் யார் கொடுப்பது என்று முடிவாகிவிட்டதா?

2024 நவம்பரில் பாகு மாநாட்டில், வளரும் நாடுகளுக்காக ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் திரட்ட பணக்கார நாடுகள் முன்னிற்கும் என்று முடிவு செய்தார்கள். கேட்டது லட்சம் கோடி டாலருக்கு மேல். தீர்மானம் நிறைவேறியது என்று சுத்தியல் தட்டிய பிறகு இந்தியாவின் சார்பில் எழுந்த சாந்தினி ரைனா, இது வெறும் கண்கட்டு வித்தை என்று பொருள்படப் பேசினார். பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு ரைனா மந்திரவாதி என்று திட்டு வாங்கினார், இப்போது இன்னொரு ரைனா அதே மாதிரிப் பட்டத்தை எதிர்த்தரப்புக்குக் கொடுத்தார்.

அந்தப் பணம் எந்த வருடத்துக்குள் அந்த அளவை எட்ட வேண்டும் தெரியுமா? 2035.

அந்த 2035-இல் கங்கோத்ரிக்குப் போனால் பனியாறு இருக்குமா?

இருக்கும். கங்கோத்ரி பனியாறு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளம், பத்து வருடத்தில் போய்விடாது. இப்போது கங்கோத்ரி கோயிலிலிருந்து, பனியாற்றின் மூக்கு இருக்கும் கோமுகத்துக்கு 18 கிலோமீட்டருக்குக் குறையாமல் நடக்க வேண்டும். அப்போது இன்னும் கொஞ்ச தூரம் கூடுதலாக நடக்க வேண்டியிருக்கும்.